நாலு முறை நாடு மாறிய வீடுகள்! - பிரான்ஸ் எல்லையில் ஒரு குட்டி டவுன்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சும்மாவா சொன்னார்கள்? ரெண்டும் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால், அதைவிடக் கஷ்டமான மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. கட்டிய வீட்டை ஐந்நூறு வருஷம் காப்பாற்றிப் பாருங்கள்!

அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஒரு சின்ன ஊர்தான் விஸம்பூர். பிரான்ஸின் வடகிழக்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது. மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம்தான். ஆனால், 15, 16-ம் நூற்றாண்டு வீடுகள் இன்னும் வரிசைகட்டி நிற்கின்றன. ஜன்னலில் பூந்தொட்டி, உள்ளே வைஃபை, கீழ்த்தளத்தில் பேக்கரி என ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை.

இன்ஸ்டாவில் இந்த ஊரின் போட்டோவைப் பார்த்தால், 'செட் போட்டிருக்காங்களோ?' என்றுதான் தோன்றும். செட் இல்லை பாஸ். இந்த வீடுகள் போர், தீ, வெள்ளம் எல்லாம் பார்த்தவை. நின்ற இடத்தில் நின்றபடியே 1871-க்கும் 1945-க்கும் இடையில் மட்டும் நாலு முறை நாடு மாறியவை. இப்போது அவை சந்திக்கும் சவால் கரன்ட் பில், கேஸ் பில் வடிவத்தில் வந்திருக்கிறது. அந்தக் கதை கடைசியில். முதலில் ஊரைச் சுற்றிவிடுவோம்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

மேப்பை எடுத்து பிரான்ஸின் அல்சாஸ் பகுதியைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். லவுட்டர் என்ற சின்ன ஆறு ஊருக்குள் கிளை பிரிந்து ஓடுகிறது. ஊரைத் தாண்டி நடந்தே ஜெர்மனிக்குள் போய்விடலாம். அந்தப் பக்கம் ஸ்வைகன் என்ற கிராமம் இருக்கிறது. ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ஒயின் சாலை' தொடங்குவது அங்கேதான். ஸ்வைகன் கிராமத்து ஜெர்மன் விவசாயிகள் சிலரின் திராட்சைத் தோட்டங்கள் எல்லை தாண்டி பிரெஞ்சு மண்ணில் இருக்கின்றன. காலையில் ஜெர்மனியில் கண்விழித்து, பிரான்ஸில் களை எடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஜெர்மனிக்குத் திரும்பும் வாழ்க்கை!

ஊரின் பெயரிலேயே ரெண்டு நாடும் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'வைஸன்புர்க்', அதாவது வெள்ளைக் கோட்டை. அதையே பிரெஞ்சு நாக்கு 'விஸம்பூர்' ஆக்கிவிட்டது.

ஊர் பிறந்ததற்குக் காரணம் ஒரு மடாலயம். 7-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபைத் துறவிகள் இங்கே மடம் அமைத்தார்கள். 9-ம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த ஓட்ஃப்ரீட் என்ற துறவி, ஏசுவின் வரலாற்றைப் பழைய ஜெர்மன் மொழியில் எதுகை வைத்துப் பாடினார். பெயர் தெரிந்த முதல் ஜெர்மன் கவிஞர் என்று அவரைச் சொல்வார்கள். ஜெர்மன் இலக்கியத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இன்றைக்கு பிரான்ஸுக்குள் இருக்கிறது. எல்லை ஊர் என்றால் இப்படித்தான்.

மடத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. புனித ரோமப் பேரரசரின் நேரடிப் பாதுகாப்பில் இருந்த சுதந்திர நகரமாகவும் ஆனது. 1354-ல் அல்சாஸின் பத்து நகரங்கள் சேர்ந்து 'தெக்கபோல்' என்ற கூட்டணி அமைத்தபோது விஸம்பூரும் அதில் ஒன்று. வியாபாரமும் ஒயினும் பணம் கொண்டுவந்தன. அந்தப் பணம்தான் இன்று நாம் பார்க்கும் வீடுகளாக நிற்கிறது.

மரத்தால் கட்டிய வீடு எப்படி ஐந்நூறு வருஷம் நிற்கும்?

போட்டோவில் இந்த வீடுகளைப் பார்த்ததும் கண்ணில் படுவது, வெள்ளை அல்லது வண்ணச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழுப்பு மரச் சட்டங்கள். 'டிசைனுக்காக ஒட்டியிருக்காங்க' என்று நினைத்தால் தப்பு. வீட்டின் எலும்புக்கூடே அதுதான். சுவர் வெறும் சதை.

கட்டும் முறை இதுதான். தரைத்தளம் பெரும்பாலும் கல்லில். வோஜ் மலைப்பகுதியில் கிடைக்கும் இளஞ்சிவப்பு மணற்கல் இங்கே பிரசித்தம். ஈரம் கீழிருந்து ஏறி மரத்தைத் தொடாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதற்கு மேலே ஓக் மரச் சட்டங்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு என்று செதுக்கிப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். சட்டங்களுக்கு இடையில் இருக்கும் கட்டங்களில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்புவார்கள். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. கூரை செங்குத்தாக உயர்ந்து போகும். பனியும் மழையும் தங்காமல் வழிந்துவிடும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். தச்சர்கள் மரங்களை முதலில் தரையில் போட்டுப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ரோமன் எண் மாதிரியான குறி செதுக்குவார்கள். பிறகு கழற்றி, மனைக்குக் கொண்டுபோய், குறி பார்த்து மாட்டுவார்கள். இன்று நாம் ஆன்லைனில் வாங்கும் கட்டிலை நம்பர் பார்த்து மாட்டுகிறோமே, அதே டெக்னிக். பழைய வீடுகளின் மரங்களை உற்றுப் பார்த்தால் அந்தக் குறிகள் இன்னும் தெரியும்.

கழற்றி மாட்ட முடியும் என்பதால், இப்படிப்பட்ட வீட்டை இடம் மாற்றவும் முடியும். அல்சாஸின் தெற்கே உங்கர்ஷைம் என்ற ஊரில் 1984-ல் திறந்த 'எக்கோமியூசியம்' இதற்கு நேரடிச் சாட்சி. இடிக்கப்பட இருந்த கிராமத்து வீடுகளைப் பல ஊர்களிலிருந்து கழற்றி எடுத்துவந்து, அங்கே ஒரு கிராமமாகவே எழுப்பியிருக்கிறார்கள்.

சரி, இனி விஸம்பூரின் நட்சத்திர வீடுகளைப் பார்ப்போம்.

உப்பு வீடு (1448)

ஆற்றோரத்தில் நிற்கிறது 'மெஸோன் து செல்'. நேரடித் தமிழில் உப்பு வீடு. 1448-ல் கட்டியது. இதன் ஹீரோ கூரைதான். செங்குத்தான பெரிய கூரையில், வரிசை வரிசையாக நீளமான திறப்புகள். ஒவ்வொன்றின் மேலும் புருவம் மாதிரி ஒரு சின்னச் சரிவு. தூரத்திலிருந்து பார்த்தால் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரியே இருக்கும்.

பெயர்தான் உப்பு வீடே தவிர, முதலில் இது மருத்துவமனை. பிறகுதான் உப்புக் கிடங்கு ஆனது. ஃபிரிட்ஜ் இல்லாத காலம், நீண்ட பனிக்காலம். இறைச்சி, மீன், காய் எல்லாவற்றையும் கெடாமல் வைக்க உப்பு ஒன்றுதான் வழி. அதனால், அதற்கென்று தனிக் கட்டடம் வைத்தது நியாயம்தான்.

இந்த வீடு ஒரு வில்லனையும் பார்த்திருக்கிறது. 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பக்கத்துக் கோட்டையைப் பிடித்துவைத்திருந்த ஹான்ஸ் ஃபொன் ட்ரோத்தா என்ற வீரனுக்கும் விஸம்பூர் மடத்துக்கும் சொத்துத் தகராறு. ஆள் என்ன செய்தான் தெரியுமா? ஆற்றின் குறுக்கே அணை கட்டி ஊருக்குத் தண்ணீர் வரவிடாமல் தடுத்தான். மடாதிபதி புகார் செய்ததும் அணையை ஒரேயடியாக உடைத்துவிட்டான். ஊர் வெள்ளக்காடானது. போப் வரைக்கும் பஞ்சாயத்து போனது. அவன் செத்து ஐந்நூறு வருஷம் ஆகியும் ஊர் அவனை மன்னிக்கவில்லை. 'ஹான்ஸ் ட்ராப்' என்ற பெயரில் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் காலத்தில் கரிய முகமும் சங்கிலியுமாக வந்து, குறும்பு செய்யும் குழந்தைகளைப் பயமுறுத்துகிற பூச்சாண்டி அவன்தான்!

தலை போன தளபதியின் வாசல் (1540)

அடுத்தது ஃபோகல்ஸ்பெர்கர் வீடு. 1540-ல் கட்டியது. வாசலைப் பார்த்தாலே இது சாதாரண ஆளின் வீடு இல்லை என்று தெரியும். செதுக்கிய கல், குடும்பச் சின்னம், வண்ணம் என்று மறுமலர்ச்சிக் கால ஸ்டைலில் ஜொலிக்கும் நுழைவாயில்.

வீட்டுக்காரர் செபாஸ்டியன் ஃபோகல்ஸ்பெர்கர் ஒரு கூலிப்படைத் தளபதி. சம்பளம் கொடுக்கும் அரசருக்குப் படை திரட்டிக் கொடுப்பது தொழில். 1547-ல் பிரெஞ்சு அரியணைக்கு வந்த 2-ம் ஹென்ரிக்கு அவர் ஜெர்மன் வீரர்களைத் திரட்டிக்கொண்டு போனார். இங்கேதான் சிக்கல். விஸம்பூர் அப்போது பேரரசர் 5-ம் சார்லஸின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். சார்லஸுக்கும் பிரெஞ்சு அரசருக்கும் ஆகவே ஆகாது. எதிரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது துரோகம் என்று சொல்லி, தளபதியைப் பிடித்து ஔக்ஸ்பர்க் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1548-ல் அங்கே வைத்துத் தலையை வெட்டினார்கள்.

ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் எட்டு வருஷம்கூட முழுசாக வாழவில்லை. எல்லையில் வாழ்பவர் 'எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதை அந்த வாசல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சினிமாவில் நடித்த வீடு

'புரூக்' என்ற பழைய குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது 'லாமி ஃப்ரிட்ஸ்' வீடு. 16-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. முகப்பிலிருந்து தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் கல் ஜன்னல்மாடம் இதன் அழகு. உள்ளே உட்கார்ந்தபடியே தெருவின் ரெண்டு முனையையும் பார்க்கலாம். அந்தக் காலத்து சிசிடிவி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெயருக்குப் பின்னால் ஒரு படம். எர்க்மன்-ஷத்ரியான் என்ற இரட்டை எழுத்தாளர்கள் எழுதிய, திருமணமே வேண்டாம் என்று திரியும் ஃப்ரிட்ஸ் காதலில் விழும் நாவல் அல்சாஸில் ரொம்பப் பிரபலம். 1930-களில் அதைப் படமாக்கியபோது ஷூட்டிங் இங்கே நடந்தது. அதோடு வீட்டின் பெயரே மாறிவிட்டது.

பக்கத்திலேயே ஹோல்ஸாப்ஃபெல் வீட்டையும் பார்த்துவிடுங்கள். மூலைகளில் குட்டிக் கோபுரங்களோடு நிற்கும் பெரிய மாளிகை. பிற்காலத்தில் தபால் வண்டிகள் குதிரை மாற்றும் நிலையமாக வேலை பார்த்தது. பிரபு வீடு பஸ் ஸ்டாண்ட் ஆன கதை! உப்பு வீடும் சரி, இதுவும் சரி, பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். எந்தக் காலத்திலும் சும்மா பூட்டிக் கிடக்கவில்லை. ஒரு வேலை போனதும் இன்னொரு வேலைக்கு மாறிக்கொண்டன.

வாடகை வீட்டுக்கு வந்த ராஜ சம்பந்தம்

வீட்டுக் கதை ஆச்சு, கல்யாணக் கதை? அதுவும் இந்த ஊரில் இருக்கிறது.

போலந்து நாட்டு அரசராக இருந்து பதவி பறிபோன ஸ்டனிஸ்லாஸ், குடும்பத்தோடு விஸம்பூரில் அடைக்கலம் வாங்கித் தங்கியிருந்தார். நாடு இல்லை, கையில் காசும் இல்லை. மகள் மரியாவுக்கு வரன் அமையுமா என்பதே கவலை. அப்போதுதான் 1725-ல் அந்தச் செய்தி வந்தது. பெண் கேட்டு வந்தது யாருக்காம்? பிரெஞ்சு மன்னர் 15-ம் லூயிக்கு!

மன்னருக்கு ஏற்கெனவே நிச்சயித்திருந்த ஸ்பெயின் இளவரசி சின்னக் குழந்தை. சீக்கிரம் வாரிசு வேண்டும் என்று நினைத்த பிரெஞ்சு அரசவை, அந்தச் சம்பந்தத்தை முறித்துவிட்டு ஐரோப்பா முழுக்கப் பெண் தேடியது. கடைசியில் லாட்டரி அடித்தது மரியாவுக்கு. அப்போது அவருக்கு வயது 22, மாப்பிள்ளைக்கு 15. ஆகஸ்ட் மாதம் ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக வேறொருவர் நின்று சடங்கு நடந்தது. செப்டம்பரில் ஃபோன்டென்ப்ளோ அரண்மனையில் நேரில் கல்யாணம். எல்லையோர ஊரில் முடங்கிக் கிடந்த பெண், பிரான்ஸின் ராணி ஆனார். மாமனாருக்குப் பிற்பாடு லொரேன் பிரதேசத்தின் ஆட்சியே கிடைத்தது. நான்சி நகரத்தில் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஸ்டனிஸ்லாஸ் சதுக்கம் அவர் கட்டியதுதான்.

வீடு நகரவில்லை, எல்லை நகர்ந்தது!

விஸம்பூர் 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் கைக்கு வந்தது. வந்த விதம் சுமுகமாக இல்லை. 1677-ல் போர் நடுவே மூண்ட தீயில் பழைய நகர மன்றமும் பல வீடுகளும் எரிந்தன. இப்போது ஊர் நடுவே இளஞ்சிவப்புக் கல்லில் கம்பீரமாக நிற்கும் நகர மன்றம் அதற்குப் பதிலாக 1741 முதல் 1752 வரை கட்டியது. அதாவது, நகர மன்றம் பிரெஞ்சு ஸ்டைல், சுற்றியிருக்கும் வீடுகள் ஜெர்மன் ஸ்டைல். ஒரே போட்டோவில் ரெண்டு நாட்டுக் கட்டடக்கலை!

பிறகு 1870. பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின் முதல் பெரிய சண்டை, ஆகஸ்ட் 4-ம் தேதி, இந்த ஊரில்தான் நடந்தது. பிரெஞ்சு ஜெனரல் அபெல் டூவே களத்திலேயே இறந்தார். அதன்பிறகு நடந்ததை இப்படிச் சுருக்கலாம்:

* 1871: அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது.
* 1918: முதல் உலகப்போர் முடிவில் பிரான்ஸுக்குத் திரும்பியது.
* 1940: நாஜி ஜெர்மனி பிடித்து, தன்னோடு சேர்த்துக்கொண்டது.
* 1944-45: மறுபடியும் பிரான்ஸ்.

கடைசி மாற்றமும் எளிதாக நடக்கவில்லை. 1944 டிசம்பரில் அமெரிக்கப் படை ஊரை மீட்டது. 1945 ஜனவரியில் ஜெர்மன் படை திரும்பி வந்தது. மார்ச் மாதம்தான் நிரந்தர விடுதலை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1865-ல் இந்த ஊரில் பிறந்து 80 வயதுக்கு மேல் வாழ்ந்த ஒரு பாட்டி இருந்திருந்தால், அவர் வீட்டைவிட்டு நகராமலே நாலு முறை நாடு மாறியிருப்பார். பள்ளிக்கூட மொழி மாறும். தெருப்பலகை மாறும். காசு மாறும். மாறாதது வீடு மட்டும்தான். எல்லை ஊர்க்காரர்கள் பழைய வீடுகளை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

சட்டம் எப்படிக் காப்பாற்றுகிறது?

சென்டிமென்ட் மட்டும் போதாது. இடிக்க வரும் ஜேசிபியை நிறுத்த சட்டம் வேண்டும். பிரான்ஸில் அது ரொம்பவே ஸ்ட்ராங்.

1830-களிலேயே, எழுத்தாளர் ப்ராஸ்பெர் மெரிமே வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக நாடு முழுக்கச் சுற்றினார். 1840-ல் முதல் பட்டியல் வந்தது. 1913-ல் இன்றைய சட்டத்தின் அடித்தளம் போடப்பட்டது. அல்சாஸில் ஒரு ஸ்பெஷல் விஷயம்: ஜெர்மன் ஆட்சியில் 1898-ல் தயாரான பாதுகாப்புப் பட்டியலை, 1918-க்குப் பிறகு வந்த பிரெஞ்சு அரசு கிழித்துப் போடவில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டது. சண்டைபோட்ட ரெண்டு நாடும் ஒத்துப்போன அபூர்வ விஷயங்களில் ஒன்று, 'இந்தக் கட்டடத்தைத் தொடாதே' என்பது!

பாதுகாப்பில் ரெண்டு படி உண்டு.

* 'கிளாஸே' - உச்சக்கட்டப் பாதுகாப்பு. அரசின் அனுமதி இல்லாமல் ஒரு ஓட்டைக்கூட மாற்ற முடியாது. பழுதுபார்க்கும் வேலையும் அதிகாரிகளின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.
* 'இன்ஸ்க்ரி' - அடுத்த படி. பதிவு செய்யப்பட்ட கட்டடம். இங்கேயும் நினைத்தபடி கை வைக்க முடியாது. முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

நாடு முழுக்க இப்படி 40,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் ஏறக்குறைய பாதி தனியாருக்குச் சொந்தம். பல நேரம் முழு வீடும் பட்டியலில் வராது. முகப்பும் கூரையும் மட்டும், இல்லையென்றால் ஒரு வாசல் மட்டும், ஒரு படிக்கட்டு மட்டும் என்றுகூடப் பாதுகாப்பு கொடுப்பார்கள். அப்படி வரும்போது வீட்டுக்காரர் கிச்சனைத் தன் இஷ்டப்படி மாற்றலாம். கதவைத் தொடக் கூடாது.

'என் வீடு பட்டியலில் இல்லையே, நான் ஃப்ரீ' என்று நினைத்தால் அங்கேயும் ஒரு செக். 1943-ல் வந்த சட்டப்படி, பட்டியலில் இருக்கும் கட்டடத்தைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டருக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. விஸம்பூர் நடுவில் 13-ம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான பீட்டர் - பால் தேவாலயம் இருக்கிறது. அதைச் சுற்றி 500 மீட்டருக்கு வட்டம் போட்டாலே பழைய ஊரின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். ஜன்னல் ஃப்ரேம், சுவரின் பெயின்ட், கடையின் போர்டு, சோலார் பேனல்... எதுவாக இருந்தாலும் 'ஏபிஎஃப்' என்று சுருக்கமாகச் சொல்லும் அரசுக் கட்டடக் கலைஞரின் மேஜைக்கு ஃபைல் போக வேண்டும். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அவர் பெரும்பாலும் 'நோ'தான் சொல்வார்.

காசு விஷயத்தில் அரசு வீட்டுக்காரரை முழுசாகக் கைவிட்டுவிடவில்லை. பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பகுதிக்கு மானியம் உண்டு. வருமான வரியில் சலுகை உண்டு. 2018 முதல் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே சுரண்டல் லாட்டரி டிக்கெட்கூட விற்கிறார்கள். ஆனாலும், இந்த மரவேலையும் களிமண் வேலையும் தெரிந்த கைவினைஞர்களுக்குக் கூலி அதிகம். மீதிச் செலவு வீட்டுக்காரர் தலையில்தான்.

இப்போதைய வில்லன்: குளிரும் பில்லும்!

இனிதான் முக்கியமான கட்டம்.

பிரான்ஸில் வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை எனர்ஜி மார்க் போடுகிறார்கள். நாம் ஃபிரிட்ஜில் ஸ்டார் பார்ப்போமே, அந்த மாதிரி. சூட்டை நிறைய வீணாக்கும் வீட்டுக்கு 'ஜி'. 2025 ஜனவரி முதல் 'ஜி' வாங்கிய வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028-ல் 'எஃப்', 2034-ல் 'இ' என்று தடை விரியும். பூமி சூடாவதைத் தடுக்கவும், குடியிருப்பவர் குளிரில் நடுங்காமல் இருக்கவும் கொண்டுவந்த நல்ல சட்டம்தான். ஆனால், பழைய மரச்சட்ட வீடுகளில் பலவும் சுலபமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

'அதுக்கென்ன, வெளிச்சுவரில் தெர்மாகோல் ஒட்டி, மேலே சிமென்ட் பூசிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். ரெண்டு பிரச்னை. முதலாவது, ஐந்நூறு வருஷ முகப்பு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஏபிஎஃப் விடமாட்டார். இரண்டாவது, அதைவிட ஆபத்தானது. மரமும் களிமண்ணும் சுண்ணாம்பும் மூச்சு விடும் பொருள்கள். ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அவற்றின்மேல் சிமென்ட்டையோ பிளாஸ்டிக்கையோ போர்த்தினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே மரம் உளுத்துப்போகும். 20-ம் நூற்றாண்டில் 'நவீனமாக்குகிறோம்' என்று சிமென்ட் பூசிய பல பழைய வீடுகளுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. ஐந்நூறு வருஷம் போரைத் தாங்கிய வீட்டைச் சில மூட்டை சிமென்ட் சாய்த்துவிடும்!

அப்படியென்றால் வழி? இருக்கிறது. சணல் வகைச் செடியின் தண்டுத் துண்டுகளைச் சுண்ணாம்போடு கலந்து, சுவரின் உட்புறம் பூசுகிறார்கள். மர நார் பலகைகளைப் பரணில் பரப்புகிறார்கள். பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இரண்டாவதாக ஒரு மெல்லிய ஜன்னல் வைக்கிறார்கள். சூடும் நிற்கும், மரமும் மூச்சு விடும். தேவையான வேலைக்குப் பாரம்பரியக் காரணத்தைச் சொல்லி அனுமதி மறுக்கப்பட்டால், அந்த வீட்டுக்காரருக்கு வாடகைத் தடையிலிருந்து விலக்குக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அல்சாஸில் 1972 முதல் இந்த வீடுகளைக் காப்பாற்றவென்றே ஒரு தன்னார்வச் சங்கம் இயங்குகிறது. 'இடிக்காதீங்க, சரிபண்ண வழி இருக்கு' என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்களின் முக்கிய வேலை.

ஆனால், ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் பணமும் பொறுமையும் வேண்டும். வாடகைக்கு விட முடியாத, சரிசெய்யவும் வசதியில்லாத வீடு மெதுவாகப் பூட்டிக் கிடக்க ஆரம்பிக்கும். மர வீட்டுக்குப் பூட்டுதான் முதல் எமன். ஒரு ஓடு நகர்ந்தால் கவனிக்க ஆள் இருக்காது. அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர், குண்டு செய்யாததைச் செய்துவிடும். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் வீடு பிழைத்துவிடாது. உள்ளே விளக்கு எரிய வேண்டும்.

போகணும்னு தோணுதா?

ஐரோப்பாவில் படிக்கிறீர்களா, வேலை பார்க்கிறீர்களா? இல்லை, டூர் பிளான் இருக்கிறதா? ஸ்ட்ராஸ்பர்க் போகிறவர்கள் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்கலாம்.

* நடந்தே பார்க்கலாம்: பழைய ஊர் சின்னது. ஸ்டேஷனில் இறங்கி நடந்தாலே எல்லா வீடுகளும் கைக்கெட்டும் தூரம். ஆற்றோரத்தில் 'குட்டி வெனிஸ்' என்று அழைக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.
* தேவாலயத்துக்குள் நிமிர்ந்து பாருங்கள்: சுவரில் சுமார் 11 மீட்டர் உயரத்துக்கு புனித கிறிஸ்டோபர் ஓவியம் இருக்கிறது.
* எப்போது போகலாம்: செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பிரான்ஸ் முழுக்கப் பாரம்பரிய தினங்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களை அன்று திறந்துவிடுவார்கள். பெந்தெகொஸ்தே சமயத்தில் பாரம்பரிய உடையில் திருவிழா. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தையும் ஹான்ஸ் ட்ராப்பும்.
* பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்: ஜெர்மனிப் பக்கம் நடந்து போகலாம்தான். ஆனால், எல்லையில் திடீர் சோதனை இருக்கலாம். உங்கள் விசா ரெண்டு நாட்டுக்கும் செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
* போட்டோ எடுங்கள், ஆனால் எட்டிப் பார்க்காதீர்கள்: அந்த அழகான ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை இந்த மாதிரி ஒரு வீட்டின் போட்டோ உங்கள் ஃபீடில் வந்தால், லைக் போடும் முன்பு ஒரு நொடி ஜூம் செய்து பாருங்கள். மரத்தில் தச்சர் செதுக்கிய குறி தெரிகிறதா? கூரையில் ஓடுகள் வரிசையாக இருக்கின்றனவா? ஜன்னலில் திரைச்சீலை தொங்குகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் சந்தோஷப்படுங்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர் சிமென்ட் வாங்காமல் சுண்ணாம்பு குழைத்திருக்கிறார், பில் கட்டியிருக்கிறார், ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார் என்று அர்த்தம்.